தண்ணீரால் மைலேஜ் கூடுமா? எக்செல் சொன்ன பதில்

காரில் ஹைட்ரஜன் கிட் பொருத்தினால் மைலேஜ் கூடும் என்று நம்பி அப்பா 8,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார். "நானே செய்து தருகிறேன்" என்றேன். ஸ்டீல் தகடு வாங்கும் முன் எக்செல்லில் கணக்குப் போட்டேன்.

12 வோல்ட், 10 ஆம்பியர், தண்ணீர் அறைகள் 6. நீங்களும் =10*3600*6/96485 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 2.24 வரும். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் ஹைட்ரஜன் இத்தனை கிராம்தான். சுமார் 9 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அதற்கான 120 வாட் மின்சாரத்துக்கு ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே என்ஜின்தான். அதில் இதைப்போலப் பல மடங்கு பெட்ரோல் எரிந்துவிடும்! மேலும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு சிறு பொறி பட்டாலே வெடிக்கும்.

அப்பா ஷீட்டைப் பார்த்தார். அந்தப் பணத்தில் காரை சர்வீஸ் செய்தோம்.