டிக்ஸ் வரைகலையில் துருவ ஆயத்தொலைகள்

தளத்தில் உள்ள ஒரு புள்ளியை அதன் திசைக்கோணம், மையத்திலிருந்து அதன் தொலைவு ஆகிய இரண்டால் குறிப்பது துருவ ஆயத்தொலை முறை. லாடெக் அச்சுக்கோப்பில் படம் வரைய உதவும் டிக்ஸ் மொழி இம்முறையை நேரடியாக ஏற்கிறது. டிக்ஸை உருவாக்கியவர் ஜெர்மானியக் கணினியியலாளர் டில் டன்டாவ்.

குறியீடு

டிக்ஸில் (45:3) என்றால் 45 பாகைத் திசையில் 3 செ.மீ. தொலைவு. கோணம் வலப்பக்கக் கிடைக்கோட்டில் தொடங்கி இடஞ்சுழியாக அளக்கப்படும். இதே புள்ளியின் கார்ட்டீசியன் வடிவம் ஏறத்தாழ (2.12, 2.12). முக்காற்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இட்டு (45,3) என எழுதினால் புள்ளி 45 செ.மீ. வலப்புறம் போய்விடும். ஏ4 தாளின் அகலமோ 21 செ.மீ.தான்.

எடுத்துக்காட்டு: இருதய கமலம்

தமிழகத்தில் பூசையறைகளில் இடப்படும் இருதய கமலக் கோலம் துருவ முறைக்கு நன்கு பொருந்தும். நடுவிலிருந்து 8 திசைகளில், திசைக்கு 5 புள்ளிகள் வைக்கப்படும். பின்னர் ஒவ்வொரு திசையாகச் சுற்றிவந்து 1, 3, 5, 2, 4 என்ற வரிசையில் புள்ளிகள் இணைக்கப்படும்.

அடுத்தடுத்த திசைகளுக்கு இடையே 45 பாகை. எனவே புள்ளிகள் (0:1), (45:3), (90:5), (135:2), (180:4), (225:1) எனத் தொடரும். இதை 40 வரிகளாக எழுத வேண்டியதில்லை. படி எண்ணை 0 முதல் 39 வரை ஓடவிட்டு, கோணத்துக்கு 45 × படி எண் என்றும், தொலைவுக்குப் படி எண்ணின் இருமடங்கை 5 ஆல் வகுத்த மீதியுடன் 1 கூட்டியது என்றும் கொடுத்தால் போதும். கோணம் 360 பாகையைத் தாண்டினாலும் டிக்ஸ் ஏற்கும். புள்ளிகளை மழுங்கிய மூடிய வளைவாக இணைத்தால் தாமரை இதழ்கள் தோன்றும்.

ஒரே இழை ஏன்?

திசைகள் 8 படிக்கொருமுறையும், புள்ளி வரிசை 5 படிக்கொருமுறையும் மீள்கின்றன. இரண்டும் ஒன்றாக மீள்வது 8, 5 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 40 ஆம் படியில். அதற்குள் 40 புள்ளிகளும் தலா ஒருமுறை தொடப்பட்டுவிடும். கையெடுக்காமல் கோலம் முடிவது இதனால்தான். திசைகள் 10 ஆனால் மீச்சிறு பொது மடங்கு 10. இழை 10 புள்ளிகளிலேயே மூடிவிடும். மொத்தம் 50 புள்ளிகளுக்கு 5 தனி இழைகள் வேண்டும். 6 திசைகளில் 30 புள்ளிகளும் மீண்டும் ஒரே இழையில் அடங்கும்.

கோலத்தின் இத்தகைய ஒழுங்கு கணினியியலுக்குப் புதிதன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக ஆராய்ந்தனர்.