பெங்களூர் – சான்பிரான்சிஸ்கோ: எத்தனை தூரம், எத்தனை மணி?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது நாமெல்லோரும் பள்ளியில் கற்ற பாடம். அந்தப் பாடத்தை அப்படியே நம்பி, உற்றார் உறவினர் முன் நான் தலைகுனிய நேர்ந்தது.

2023-இல் தருமபுரியில் என் பாட்டி காலமானார். அக்காள் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தாள். "விமானம் ஏறிவிட்டேன், பெங்களூருக்கு நேரே வருகிறேன்" என்று செய்தி அனுப்பினாள். "தம்பி, நீதானே விஞ்ஞானம் படிக்கிறாய், எப்போது வந்து சேருவாள்?" என்று சித்தப்பா கேட்டார். 14,000 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்து, பதினைந்தரை மணி என்றேன். அதன்படி, மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. ஏழு மணிக்கு அக்காளின் கார் கிருஷ்ணகிரியைக்கூடத் தாண்டவில்லை! கால அட்டவணையைப் பார்த்திருக்கலாம். கணக்குத் தெரிந்தவனுக்கு அந்தப் பணிவு வரவில்லை.

என் கணக்கில் தூரம் பிழையன்று. பெங்களூர் கிழக்குத் தீர்க்கரேகை 77.6 பாகையிலும், சான்பிரான்சிஸ்கோ மேற்கு 122.4 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 200. மறுபுறமாகச் சுற்றினால் 160 பாகை. 180 ஆக இருந்திருந்தால் வட துருவத்தின் உச்சி வழியே செல்வதே மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இது விளங்காது. பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் கடலின் நடுவே போகாது, சைபீரியாவையும் அலாஸ்காவையும் தொட்டுச் செல்லும். அதன் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். துருவத்தின் மேலேயே சென்றாலும் 400 கிலோமீட்டர்தான் கூடுதல்.

ஆனால் விமானம் நூலின் வழியே பறப்பதில்லை. அந்த நூல் திபேத்திய மேட்டுநிலத்தின் மேல் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் மூச்சுவிட ஏதுவாகப் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்! ஆகவே சுற்றிப் போகிறார்கள். 2021 ஜனவரி 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட முதல் ஏர் இந்தியா நேர்விமானம், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி, வட துருவத்தைக் கடந்து வந்தது. அது பறந்த தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

அன்று அறிவித்த அட்டவணை வேடிக்கையானது. பெங்களூரில் பிற்பகல் 2.30-க்குப் புறப்பட்டால், அதே நாள் மாலை 5 மணிக்கு அங்கே இறங்கலாம். கடிகாரப்படி இரண்டரை மணிதான். நம் தருமபுரி பஸ்ஸுக்கே அதைவிட நேரமாகும்! இரு ஊர்களுக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி வேற்றுமை உண்டாகையால், உண்மையில் பறப்பது பதினாறு மணி. திரும்பி வரவோ பதினேழே முக்கால் மணி.

ஒரே இரு ஊர்களுக்கு இரு வேறு நேரம் ஏன்? விமானங்கள் பறக்கும் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஆறுபோலக் காற்று ஓடுகிறது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் அங்கே அரிதன்று. கிழக்கே போகிறவர்களை அது தள்ளிவிடும். மேற்கே வருகிறவர்களை எதிர்த்து நிற்கும். எதிர்க்காற்றுக்கு விலகித் துருவத்துப் பக்கமாக வந்தாலும் வழி நீளும். நான் வகுத்த கணக்கில் மலையும் இல்லை, காற்றும் இல்லை.

அந்த இரண்டேகால் மணி நேரமும் அம்மா பாட்டியின் தலைமாட்டை விட்டு எழவில்லை. ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். "பேத்தி முகம் பார்க்காமல் எடுக்க விடமாட்டேன்" என்றாள். ஒன்பது மணிக்குப் பிறகே எடுத்தோம்.