விளையாடும் மாணவரின் கால்வலி: சோம்பலா, சுமையா?

குறுவட்டப் போட்டிகள் நெருங்கும்போது பள்ளி மைதானத்தில் அடிக்கடி கேட்கும் குரல், "சார், குதிகால் வலிக்குது" என்பதுதான். இரண்டு நாள் ஓய்வில் மறையும் வலியைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் போவதும் வருவதுமாக இருக்கும் வலி வேறு. அந்த வலியோடு வரும் மாணவருக்கு வழக்கமாக மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கிறது: "பயிற்சிக்குப் பயந்து சொல்கிறாய்", "வளரும் வயதில் அப்படித்தான் இருக்கும்", "இனி விளையாடவே வேண்டாம்." முதல் பதில் வலியை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவது, நோயைத் தவறவிடச் செய்யலாம். மூன்றாவது, தேவையில்லாமல் விளையாட்டைப் பறிக்கிறது.

வளரும் எலும்பின் மென்மையான இடம்

குழந்தையின் நீள எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது இங்கேதான். தசைநாண்கள் வந்து பற்றும் சில இடங்களிலும் இத்தகைய வளர்ச்சிப் பகுதிகள் உண்டு. முதிர்ந்த எலும்பைவிட இவை மென்மையானவை. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் தசைகளும் தசைநாண்களும் இறுக்கமாகின்றன. ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த இழுவிசை முழுவதும் இந்த மென்மையான இடத்தில் விழுகிறது. எனவே அடிபடாமலே வலி வரும்.

குதிகாலும் முழங்காலும்

ஏறத்தாழ 8 முதல் 14 வயதுக்குள், குதிகாலின் பின்பகுதியில் ஏற்படும் வலிக்கு 'சீவர் நோய்' என்று பெயர். 1912இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீவரின் பெயர் இது. கெண்டைக்கால் தசையின் நாண் குதிகால் எலும்பை இழுப்பதால் இவ்வலி வருகிறது. ஓடி முடித்ததும் மாணவர் நுனிக்காலில் நடப்பது ஓர் அடையாளம். கடினமான தரையில் வெறுங்காலோடு ஓடினால் வலி கூடும்.

முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே வலியும் புடைப்பும் இருந்தால் அது 'ஆஸ்குட்–ஷ்லாட்டர்' நோயாக இருக்கலாம். 10 முதல் 15 வயதுவரை, கபடி, கையுந்துபந்து, நீளம் தாண்டுதல் போன்றவற்றில் ஈடுபடுவோரிடம் இதைக் காணலாம். மண்டியிடும்போதும், குந்தி உட்காரும்போதும், படியேறும்போதும் வலி மிகும்.

'நோய்' என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். வளர்ச்சி நிறைவடைந்து எலும்பு இணைந்ததும் பெரும்பாலும் இரண்டும் சரியாகிவிடும். முழங்காலில் புடைப்பு மட்டும் சிலருக்கு நிலைத்துவிடலாம். ஆனால் அதுவரையுள்ள மாதங்களை எப்படிக் கடப்பது என்பதே கேள்வி.

நிறுத்துவதா, குறைப்பதா?

பெரும்பாலானவர்களுக்கு முழு ஓய்வு தேவைப்படாது. சுமையைக் குறைத்தால் போதும். தினமும் பயிற்சிக்கு முன்பும் பின்பும் "பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். வலி லேசாக இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்தால் பயிற்சியைத் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் ஓட்டத்தையும் தாண்டலையும் குறைக்க வேண்டும். நொண்டினால் அன்றே நிறுத்த வேண்டும். அந்நாட்களில் பந்து எறிதல், மேலுடல் பயிற்சி, மதிப்பெண் பதிவு எனக் குழுவோடு இருக்கும் வேலைகளைக் கொடுக்கலாம்.

கெண்டைக்கால், தொடைத் தசைகளை மெதுவாக நீட்டும் பயிற்சிகள் உதவும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வைப்பது வலியைத் தணிக்கும். குதிகால் வலிக்கு மெத்தையுள்ள காலணி நல்லது. வாரத்தில் ஓரிரு நாள் விளையாட்டுப் பயிற்சியே இல்லாமல் இருக்கட்டும். ஒரு வாரத்தின் மொத்தப் பயிற்சி மணிநேரம் மாணவரின் வயதைத் தாண்டக் கூடாது என்பது எளிதில் நினைவில் நிற்கும் வழிகாட்டுதல்: 12 வயது மாணவருக்கு 12 மணி நேரம். ஒரே மாணவர் மூன்று போட்டிகளுக்குத் தேர்வாகும்போது இக்கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

சுளுக்கு எடுப்பது, வலிக்கும் இடத்தை அழுத்தித் தேய்ப்பது, போட்டிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து ஓடவிடுவது ஆகியவை கூடாது. வலி மறைந்தாலும் சுமை குறைவதில்லை.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது:

• காலையில் மூட்டு விறைத்திருந்து, நடமாடிய பின் தளர்வது. மூட்டு வீக்கம் நீடிப்பது. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டழற்சி, சிறார் மூட்டுவாதமாக இருக்கலாம். இது அறிகுறியே இல்லாமல் கண்ணையும் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் அவசியம்.
• தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல்.
• காரணம் தெரியாமல் நொண்டுவது. வளரிளம் பருவத்தில், குறிப்பாக உடல் எடை கூடியவர்களிடம், இடுப்பு மூட்டின் வளர்ச்சித் தட்டு நழுவினால் வலி முழங்காலில் தெரியக்கூடும். இதற்கு உடனடிச் சிகிச்சை தேவை.
• எலும்பின் ஒரே புள்ளியில் தொட்டால் கடும் வலி. அது நுண்முறிவாக இருக்கலாம். போதிய உணவின்றிப் பயிற்சி செய்யும் மாணவியருக்கு மாதவிடாய் பல மாதங்கள் தடைபட்டால் இந்த ஆபத்து கூடும்.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இம்மாணவர்களைத் தவறாமல் காட்டலாம். குழு வரும் நாள் தொலைவில் இருந்தால் பெற்றோரிடம் பேசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மாணவரிடம் என்ன சொல்வது?

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலை எடுத்துக்காட்டலாம். பாத எலும்பு ஒன்றைப் பாதிக்கும் 'முல்லர்–வெய்ஸ்' குறைபாடு 2005இல், அவரது 19ஆம் வயதில் கண்டறியப்பட்டது. காலணியின் உள்தளத்தை மாற்றியமைத்து விளையாடிய அவர் 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார். 2022 பிரெஞ்சு ஓப்பனில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியுடன் ஆடியதையும் அவரே சொன்னார். அது மருத்துவர் துணையோடு ஒரு தொழில்முறை வீரர் எடுத்த முடிவு. வளரும் எலும்புள்ள மாணவருக்கு அது வழியாகாது. முதலில் வலியின் காரணத்தை அறிய வேண்டும் என்பதையே அவர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வலியைச் சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சும் மாணவர் கடைசிவரை சொல்லமாட்டார். சொன்னவரின் இடம் அணியில் அப்படியே இருக்கும் என்று பயிற்சியின் முதல் நாளே அனைவர் முன்னும் அறிவித்துவிடுவோம். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியிலும் இதை எந்த ஆசிரியரும் செய்யலாம்.