அறை, திண்ணை, பள்ளிக்கூடம்

இன்னைக்கு ஒரு ஹீப்ரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹெதர். 'ஹ'வைக் கொஞ்சம் தொண்டையிலிருந்து, காறுற மாதிரி சொல்லணும். அர்த்தம் என்னன்னா, அறை. சாதாரண ரூம், அவ்ளோதான். ஆனா கிழக்கு ஐரோப்பாவின் யூதக் குடும்பங்களில் "பையன் ஹெதருக்குப் போறான்"னு சொன்னா, பள்ளிக்கூடம் போறான்னு அர்த்தம்.

ஏன் அந்தப் பேரு? பள்ளிக்கூடமே வாத்தியார் வீட்டு அறைதான். வாத்தியாருக்கு மெலாமெத்னு பேரு. அவருக்குப் பெற்றோர் ஃபீஸ் கட்டுவாங்க. மூணிலிருந்து அஞ்சு வயசுக்குள்ள பையன்களைச் சேர்த்துடுவாங்க. முதல் நாள், எழுத்துக்கள் மேல தேனைத் தடவி நக்கச் சொல்ற வழக்கம் உண்டு. படிப்பு இனிக்கணுமாம்! எழுத்து தெரிஞ்சதும் பிரார்த்தனைகள், அப்புறம் தோரா என்கிற வேத நூல்.

இதைப் படிச்சப்போ எனக்கு உடனே தோணினது திண்ணைப் பள்ளிக்கூடம்தான். எங்க ஊரு விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம். அங்க மட்டுமில்ல, தமிழ்நாடு முழுக்கவே நம்ம முன்னோர் பள்ளிக்கு வச்ச பேரும் பாடத்தோட பேரு இல்லை, இடத்தோட பேரு. அங்க அறை, இங்க திண்ணை. அங்க தேன், இங்க விஜயதசமி அன்னைக்கு அரிசியில எழுத்து. மணல்ல விரலால எழுதிப் பழகி, ஆத்திசூடி, எண்சுவடின்னு போகும். கூட்டத்தைச் சமாளிக்க ஒரு மூத்த மாணவன், அவன்தான் சட்டாம்பிள்ளை. மெலாமெத்துக்கும் இப்படி ஒரு உதவியாள் உண்டு. ரெண்டு இடத்துலயும் மனப்பாடம்தான் அடிப்படை. ரெண்டு இடத்துலயும் பிரம்பு இருந்துச்சு, அதை மறைக்க வேண்டாம்.

சரி, இதுல நமக்கு என்ன இருக்கு? ஒரு பள்ளி ஒருத்தர் வீட்டில் நடந்தா, அந்த வீட்டு வாசலை யார் மிதிக்கலாம்ங்கிற விதியே அட்மிஷன் விதியா ஆயிடும்.

1822இல் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டார். 1826இல் வந்த மொத்தக் கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எங்க பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், 'சூத்திரர், பிற சாதியினர்'னு பதிவான மாணவர்கள் 84 சதவீதத்துக்கும் மேல. அதனால பிராமணப் பிள்ளைகள் மட்டும்தான் படிச்சாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா தெருவுக்குள்ளேயே விடாத குழந்தைக்கு அந்தத் தெருவோட திண்ணை எப்படிக் கிடைக்கும்? அந்த 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் எத்தனை தெரியுமா? 4,540.

ஹெதர் பக்கமும் இதே கதைதான். காசு இல்லாத பையனுக்காகச் சமூகமே செலவு பண்ணி 'தல்முத் தோரா'ன்னு தனிப் பள்ளி நடத்துச்சு. பெண்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. 1917இல் போலந்தின் கிராகோ நகரில் சாரா ஷெனிரர் என்கிற தையல்காரர் பெண்களுக்காக ஒரு பள்ளி ஆரம்பிச்சார். அதுதான் 'பெய்த் யாக்கோவ்' பள்ளிகளா பரவுச்சு. துணி தைச்சவர்தான் கதவைத் திறந்தார்!

யூத மரபில் ஒரு பழைய விதி இருக்கு, அதை எஞ்சினியரா நான் ரொம்ப ரசிச்சேன். தல்முத் நூல்படி, 25 குழந்தைகளுக்கு ஒரு வாத்தியார். 40 ஆனா ஒரு உதவியாள். 50 ஆனா ரெண்டு வாத்தியார். லோடு ஏறினா சர்வர் கூட்டுற மாதிரியே இருக்கில்ல? நம்ம 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குச் சொல்றது 30 பேருக்கு ஒரு ஆசிரியர். கிட்டத்தட்ட அதே கணக்கு.

ஹெதர் இன்னும் சாகலை. தீவிர மரபுவாத யூதர்கள் பெரிய கட்டடத்துல நடக்கிற பையன்கள் பள்ளியைக்கூட ஹெதர்னுதான் கூப்பிடறாங்க. நம்ம ஊர்ல திண்ணையே போயிடுச்சு. வீட்டோட முன்பக்கம் இப்போ கார் நிக்கிற இடம். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு டியூஷன் மிஸ் வீட்டு ஹாலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிற பசங்களைப் பாருங்க. வாத்தியார் வீடு, ஒரு அறை, மாசாமாசம் ஃபீஸ். அது ஹெதர் இல்லாம வேற என்ன? ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளை அந்தப் பாய்ல இல்லை, அவ்ளோதான் வித்தியாசம்.

கொரோனாவுக்கு அப்புறம், 2021இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சப்போ தன்னார்வலர்கள் மாலை நேரத்துல வீட்டு வாசல்லயும் பொது இடங்கள்லயும் பாடம் எடுத்தாங்க. ஃபீஸ் கிடையாது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பையனோ பொண்ணோ யாரும் வரலாம். எனக்கு அது திண்ணை திரும்பி வந்த மாதிரிதான் தெரிஞ்சுது. பழைய திண்ணைக்கு இருந்த அனுமதி விதி இல்லாம.

உங்க தெருவுல இப்போ எந்த வீட்டில் பாடம் நடக்குது, அங்க யாரெல்லாம் வர முடியலைன்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.