மரச்சில்லில் வந்த பிறந்தநாள் அழைப்பு

உரோமைப் படைவீரன் என்றதும் வாளும் கேடயமும் ஏந்திய ஓர் இத்தாலியனே நம் மனக்கண்முன் நிற்கிறான். ஆனால் இங்கிலாந்தின் வடபகுதியில், விண்டோலாண்டா என்னும் எல்லைக் கோட்டையைக் காத்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர் அல்லர். ரைன் நதி கடலில் கலக்கும் நாட்டுப் படாவியரும், இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த துங்கிரியருமே அங்கு மாறி மாறிக் காவல் இருந்தனர்.

கோட்டை முதன்முதல் எழுந்தது கி.பி. 85-ஆம் ஆண்டையொட்டி, ஹேட்ரியன் பேரரசரின் நெடுஞ்சுவர் தொடங்கியதோ 122-இல்தான். அக்காலத்துக் கோட்டை மரத்தாலானது. பழையதை இடித்துக் களிமண்ணும் புல்தரையும் பரப்பி, அதன்மேல் புதியதைக் கட்டுவார்கள். காற்றுப் புகாத அந்த ஈரமண்ணில் மரமும் தோலும் மக்காமல் கிடந்தன. 1973-இல் ராபின் பர்லி என்னும் ஆய்வாளர் அங்கே தோண்டியபோது, அஞ்சலட்டை அளவுள்ள மெல்லிய மரச்சில்லுகள் கிடைத்தன. அவற்றில் மையால் எழுதிய இலத்தீன் எழுத்துகள்! மங்கிப்போன எழுத்தை அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்தே படிக்க முடிந்தது.

ஒரு சில்லு, துங்கிரியர் படையின் ஆள்கணக்கு. மொத்தம் 752 பேர்; அவர்களுள் 456 பேர் வெளியூர்ப் பணியில். கோட்டையில் இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயமுற்றோர், 10 பேருக்குக் கண்நோய். பேரரசின் எல்லையைக் காக்க எஞ்சியவர்கள் 265 பேரே. வேறொரு சில்லு, வீரன் ஒருவனுக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தியைச் சொல்கிறது. பீர் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள் என்று கேட்கிறார் ஒரு குதிரைப்படைத் தலைவர். இன்னொரு கணக்கில் 2 தெனாரியத்துக்கு மிளகு! மிளகு விளைந்தது நம் பழைய சேரநாட்டு மலைச்சாரலில். முசிறியில் கப்பலேறிய சரக்கு அந்தக் குளிர்நாட்டுச் சமையலறை வரை சென்றிருக்கிறது.

சாதாரண வீரர்கள் மணம் செய்துகொள்ளச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. தளபதிகள் குடும்பத்தோடு வாழலாம். ஆயினும் மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஆயிரக்கணக்கான காலணிகளுள் பெண்களுடையவையும் சிறு குழந்தைகளுடையவையும் பல உண்டு. கோட்டையில் பாடமும் நடந்தது போலும். விர்ஜில் கவிஞரின் அடியொன்றை யாரோ எழுதிப் பழகியிருக்க, அதனருகே வேறொரு கை 'மந்தம்' என்று பொருள்படும் சொல்லைச் சுருக்கி எழுதியிருக்கிறது. தளபதியின் பிள்ளைக்கு ஆசிரியர் இட்ட குறிப்பு அது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். நம் நோட்டுப் புத்தகங்களில் காணும் சிவப்பு மை நம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது, கி.பி. 100-ஐ ஒட்டி எழுதப்பட்டு 1985-இல் கிடைத்த கடிதம். கிளாடியா செவேரா வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி. விண்டோலாண்டாவில் படாவியர் தளபதி செரியாலிசின் மனைவியான சல்பீசியா லெப்பிடினாவை, செப்டம்பர் 11 அன்று தம் பிறந்தநாளுக்கு வருமாறு அழைக்கிறார். தம் கணவரும் சின்ன மகனும் வணக்கம் சொல்வதாகவும் தெரிவிக்கிறார். இதுவரை எழுத்தர் ஒருவரின் அழகிய கையெழுத்து. பிறகு எழுத்து மாறுகிறது; வரிகள் சற்றுக் கோணலாகின்றன. செவேராவே எழுதுகோலை வாங்கி, லெப்பிடினாவைச் சகோதரி என்றும் தம் உயிர் என்றும் விளித்து, வரவை எதிர்பார்த்திருப்பதாக எழுதுகிறார். இலத்தீனில் ஒரு பெண் தம் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் அதுவும் ஒன்று.

படாவியர் 105-ஐ ஒட்டி ஊர் மாறிச் சென்றபோது கட்டுக்கட்டாகக் கடிதங்களைத் தீயிலிட்டனர். தீ முழுதும் எரியாமல் அணைந்தது. செவேராவின் அழைப்பு இன்று இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.