கடல்ல ஒருத்தர் மாட்டினா, ரெண்டாவது ஆள் குதிக்கக்கூடாது

இந்த எபிசோட்ல பேசப்போறது காலேஜ் கேங்கோட கடலுக்குப் போற ட்ரிப் பத்தி. நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்க ஏரியாவுல கடல் நடந்து போற தூரம். அதனாலேயே "மச்சான், உங்க ஊர் பீச்சுக்கு வர்றோம்"னு ஃபோன் வரும்போதெல்லாம் கொஞ்சம் பக்குனு இருக்கும். ஏன்னு சொல்றேன்.

2024 மே 6-ஆம் தேதி. கன்னியாகுமரி மாவட்டம், கணபதிபுரம் பக்கத்துல இருக்கிற லெமூர் பீச். ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்த மருத்துவ மாணவர்கள், நண்பர்களா சேர்ந்து கடலுக்குப் போனாங்க. அலை அடிச்சுட்டுப் போனதுல 5 பேர் இறந்துட்டாங்க. அன்னிக்குப் புயல் இல்லை, மழை இல்லை. பார்க்கிறவங்களுக்குச் சாதாரண வெயில் நாள்தான்.

அப்புறம் அவ்வளவு பெரிய அலை எங்கிருந்து வந்துச்சு? இதுக்குப் பேரு 'கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் வச்ச பேரு. திருடன் மாதிரி சத்தமில்லாம வர்ற கடல். தெற்கு இந்தியப் பெருங்கடல்ல, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய காற்று அடிச்சா, அங்க உருவாகிற அலைகள் பல நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வந்து சேரும். காற்று அங்க, அடி இங்க. அந்த மே மாசமும் அதுதான் நடந்தது. ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கையும் கொடுத்திருந்தது. இந்த அலைகள் கூட்டம் கூட்டமா வரும். நடுவுல கொஞ்ச நேரம் கடல் அமைதியா இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நாம இறங்குவோம்.

சரி, வடசென்னைக்கு வருவோம். இங்க கதையே வேற. நம்ம கரையில வருஷத்தோட பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கா நகரும். 1875-ல சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தேங்கிடுச்சு. இன்னிக்கு மெரினா அவ்வளவு அகலமா இருக்கிறதுக்கு அதுதான் முக்கியக் காரணம். வடக்கே இருக்கிற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு மணல் வரவே இல்லை. கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. அதைத் தடுக்கக் கரையோரம் பாறை கொட்டினாங்க, கடலுக்குள்ள நீட்டி 'தூண்டில் வளைவு' போட்டாங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல போகும்போது தெரியுற அந்தக் கல் வரிசைகள்தான்.

அந்தக் கல்லு மேல நின்னு செல்ஃபி எடுக்கிறதுதான் எல்லாருக்கும் ஆசை. ஆனா பாசி பிடிச்ச பாறை, எண்ணெய் ஊத்தின தரை மாதிரி வழுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணிக்குள்ள இருக்கு. கரைக்கு வர்ற தண்ணி எப்படியாவது திரும்பிப் போகணும். கல்லுல மோதின நீரோட்டம், கல்லை ஒட்டியே கடல் பக்கம் திரும்பிப் பாயும். இதுதான் ரிப் கரண்ட். ஓட்டம் மணலை அரிச்சுட்டே போறதால, முழங்கால் ஆழம்னு வைக்கிற அடுத்த அடி கழுத்தளவு ஆகலாம்.

இதுல பெரிய டிராப் என்னன்னா, ரிப் இருக்கிற இடம் பார்க்க அமைதியா இருக்கும். ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரை தள்ளும். நடுவுல மட்டும் தண்ணி தட்டையா, கொஞ்சம் கருப்பா தெரியும். "இங்க அலையே இல்லடா"ன்னு நாம தேர்ந்தெடுக்கிற இடமே அதுதான்.

ரிப் யாரையும் அடியில இழுக்காது. கடலுக்குள்ள தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். வேகமான ரிப் ஒரு வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல போகும். ஒலிம்பிக் வீரர்களே 100 மீட்டரை 46, 47 வினாடியிலதான் நீந்துறாங்க. எதிர்த்து நீந்துறவர் களைச்சுப்போய்த்தான் மூழ்குறார். அதனால மாட்டினா மல்லாந்து மித, கையைத் தூக்கிக் காட்டு. இழுப்பு குறைஞ்சதும் கரைக்கு இணையா, கல்லை விட்டு விலகி நீந்து.

இப்ப முக்கியமான விஷயம். சாஃப்ட்வேர்ல கேஸ்கேடிங் ஃபெயிலியர்னு ஒண்ணு உண்டு. ஒரு சர்வர் விழுந்தா, அதோட பாரம் அடுத்ததுல ஏறி, வரிசையா எல்லாமே விழும். நண்பர்கள் கூட்டம் கடல்ல மாட்டுறதும் பல சமயம் இப்படித்தான். ஒருத்தர் இழுத்துட்டுப் போகப்படுறார். "டேய்"னு கத்திக்கிட்டே நெருங்கின நண்பர் குதிக்கிறார். பதட்டத்துல இருக்கிறவர் கைக்குக் கிடைச்ச எதையும் பிடிச்சு அமுக்கிடுவார். இப்ப மாட்டினது ரெண்டு பேர். கை கோத்துச் சங்கிலி போட்டா, ஒரு அலையில சங்கிலி அறுந்து நாலு பேர்.

அப்ப சும்மா நிக்கணுமா? இல்லை. வேலையைப் பிரிச்சுக்கணும்.

ஒருத்தர் மாட்டினவரையே பார்த்துட்டு, விரலால காட்டிட்டே நிக்கணும். கண்ணை எடுத்தா, அலைக்கு நடுவுல தலையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

இன்னொருத்தர் 112-க்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தோட 1093-க்கோ ஃபோன் பண்ணணும்.

மூணாவது ஆள் பக்கத்துக் குப்பத்துக்கு ஓடணும். அந்தக் கடலைத் தெரிஞ்சவங்க அங்க இருக்கிற மீனவர்கள்தான்.

மத்தவங்க மிதக்கிற எதையாவது வீசணும். மூடி போட்ட காலி வாட்டர் கேன், பெரிய பாட்டில், ஃபுட்பால், எதுவா இருந்தாலும் பரவாயில்லை. கயிறு கட்டி வீசினா இன்னும் நல்லது.

வெளியே கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லைன்னா, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கப் பார்க்காதீங்க. வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி சிபிஆர் பண்ணணும். எழுந்து உட்கார்ந்து சிரிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழிச்சும் வெளியே தெரியலாம்.

கடைசியா ஒண்ணு. "போலீஸ் வருவாங்க, வீட்டுக்குத் தெரிஞ்சிடும்"னு நாம ஃபோனைக் கையில வச்சுட்டே யோசிப்போம். மூச்சு நின்ன மூளைக்கு இருக்கிறது சில நிமிஷம்தான். வீட்டுல விழுற திட்டு ஒரு வாரத்துல போயிடும்.

இந்த எபிசோடை அடுத்த ட்ரிப் பிளான் ஓடிட்டிருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. கூடவே 1093-ஐ சேவ் பண்ணச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.