காலநிலை மாற்றத்தைச் சார்பின்றி மதிப்பிடுதல்: கல்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில் உள்ள இம்மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் குறுக்கே, கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை கட்டப்பட்டுள்ளது. மலையில் மரவள்ளியும் சமவெளியில் கரும்பு, நெல், மக்காச்சோளமும் பயிராகின்றன. மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் "எல்லாம் காலநிலை மாற்றம்" என்போரும், "மழை எப்போதும் இப்படித்தான்" என்போரும் உண்டு. அறிவியலாளர் அல்லாத ஒருவர் இவ்விரண்டையும் எவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வானிலையும் காலநிலையும்

வானிலை என்பது ஒரு நாளின் அல்லது ஒரு பருவத்தின் நிலை. காலநிலை என்பது நீண்டகாலச் சராசரி. அதற்கு 30 ஆண்டுகளை அளவாகக் கொள்வது உலக வானிலை அமைப்பின் வழக்கம்.

2015இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகப் பெய்தது. 2016இல் அதே பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஓராண்டை மட்டும் பார்ப்பவர் மழை கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ முடிவு செய்துவிடுவார். இரண்டு முடிவுகளுக்கும் போதிய சான்று இல்லை. அணை நிரம்புவதும் வற்றுவதும் இத்தகையதே.

நான்கு கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிய வாதங்களில் நான்கு கேள்விகள் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது முதற்படி.

1. புவி வெப்பமடைகிறதா? ஆம். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020இல் உலகச் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்துள்ளது.

2. மனிதர்கள் காரணமா? ஆம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐக் கடந்துவிட்டது. சூரியன் காரணம் என்றால் ஓசோன் படலம் உள்ள மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அளவீடுகளோ அது குளிர்ந்திருப்பதைக் காட்டுகின்றன.

3. ஓர் ஊரில் விளைவு என்ன? இங்கு உறுதி குறைவு. 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஒரு புயல் மட்டும் சான்றாகாது. எனினும் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைக் கொள்ளும். எனவே கனமழை மேலும் வலுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

4. என்ன செய்ய வேண்டும்? இதில் செலவு, நீதி, முன்னுரிமை ஆகியவை கலந்துள்ளன. முதல் இரண்டு கேள்விகளில் ஒத்த கருத்துடையோரும் இதில் நேர்மையாக வேறுபடலாம்.

ஐயத்தைச் சோதித்தல்

ஐயப்படுவது தவறன்று, அதைச் சோதிக்க மறுப்பதே தவறு. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய வெப்பநிலைப் பதிவுகளை ஐயுற்றார். பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்துத் தரவுகளைப் புதிதாக ஆராய்ந்தார். வெப்பமடைதல் உண்மை என்றும், ஏறக்குறைய முழுவதும் மனிதச் செயல்களே காரணம் என்றும் 2012இல் அறிவித்தார். தன் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவையும் ஏற்கும் இப்பண்பே சார்பின்மையின் அடையாளம்.

நடுநிலை என்பது நடுப்புள்ளி அன்று

இரு தரப்புக்கும் பாதிப்பாதி இடம் கொடுப்பது நடுநிலை ஆகாது. சான்றின் எடைக்கேற்ப நம்புவதே நடுநிலை.

கிணறு வற்றுவதற்கு மழைக்குறைவு மட்டுமன்றி, மிகுதியான ஆழ்துளைக் கிணறுகள், தூர்ந்த ஏரிகள், அடைபட்ட வரத்துக் கால்வாய்கள் ஆகியவையும் காரணமாகலாம். எல்லாப் பழியையும் காலநிலை மீது போட்டால் ஏரி தூர்வாரப்படாமலே கிடக்கும். காலநிலை மாற்றத்தை அறவே மறுத்தால் அடுத்த பெருமழைக்கு ஏரிக்கரை பலப்படுத்தப்படாது. இரண்டிலும் இழப்பு உழவர்களுக்கே.